மழை நனைக்கும் பாலை



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கூடி வருவது எளிய செயலன்று. அந்தப் பத்தாண்டில் அரங்கேறிய கவிதைகளை நினைத்துப் பார்த்தால், மலையையும் கடலையும் மழையையும் பாடியவை அவற்றுள் ஒரு பெரும் பகுதி என்பது உறுப்பினர் அனைவரும் அறிந்ததே. இந்த விழா நாளில் அவ்வகைக் கவிதைகளை முன்னிறுத்தி ஒரு கேள்வியை எழுப்புவது பொருத்தமாக இருக்கும். ஒரு நிலம் எப்போது கவிதைக்குரிய பொருளாகிறது? கண்ணுக்கு இனிதாக இருப்பது மட்டும் போதுமா, அல்லது வேறொன்றும் வேண்டுமா?

இக்கேள்விக்கு விடை தேட, மிகத் தொலைவில் உள்ள ஒரு மலை ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தொலைநிலத்தை எடுத்துக்கொள்வதில் ஒரு நன்மை உண்டு. பழகிய நிலத்தைப் பாடும்போது பாதி வேலையை மரபே செய்துவிடுகிறது. குறிஞ்சி என்ற அளவில் தேனும் தினையும் தாமே வந்து நிற்கும். நெய்தல் என்ற அளவில் புன்னையும் தாழையும் வந்து நிற்கும். அறியாத நிலத்தில் அந்த உதவி இல்லை. அங்கே ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

மலையும் வழியும்

அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையில் மேயோ என்னும் மாவட்டம் உள்ளது. அதனை ஒட்டி அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்திருப்பது அக்கில் தீவு. பரப்பு ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டர். அயர்லாந்தைச் சூழ்ந்துள்ள தீவுகளுள் இதுவே பெரியது. பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையே உள்ள குறுகிய நீரிணையின்மீது 1887ஆம் ஆண்டில் முதற்பாலம் கட்டப்பட்டது. நில உரிமைப் போராட்டத்தின் தலைவரான மைக்கேல் டேவிட் அதனைத் திறந்து வைத்தார். பின்னர்ப் புதுப்பிக்கப்பட்ட பாலங்களும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

இத்தீவின் மேற்குக் கோடியில் நிற்பதே குரோகான் மலை. உயரம் 688 மீட்டர். ஐரிஷ் மொழியில் 'குருவாக்' என்பது வைக்கோற் படப்பைக் குறிக்கும். மலைப்பெயர் அதன் குறுமை வடிவம். சிறு படப்பு என்று பொருள் கொள்ளலாம். தெற்கிலிருந்து பார்க்கும்போது பெயர் பொருத்தமாகவே தோன்றும். புல்லும் ஊதாப்பூப் பூக்கும் ஹெதர்ச் செடியும் போர்த்த, சரிந்த தோளுடைய ஒரு சாதாரண மலை அது. அதன் மறுபக்கத்தில் மலையே இல்லை என்பதை அந்தப் பக்கத்திலிருந்து எவரும் ஊகிக்க இயலாது.

டப்ளின் நகரிலிருந்து வெஸ்ட்போர்ட் வரை ரயில் உண்டு. அதன்பின் சாலைவழிதான். பாலம் கடந்து, கீல், டூவா என்னும் சிற்றூர்களைத் தாண்டி, மலைச்சரிவை ஒட்டி வளைந்து செல்லும் ஒற்றைச் சாலை கீம் என்னும் சிறு விரிகுடாவில் முடிகிறது. அங்கிருந்து மலையுச்சிக்குச் சாலையும் இல்லை. செப்பனிட்ட பாதையும் இல்லை. கால் புதையும் ஈரநிலத்தில் நடந்தே செல்ல வேண்டும். அம்மண் பீட் எனப்படும். பல்லாயிரம் ஆண்டுகளாக மக்காமல் படிந்த தாவரங்களால் ஆனது. அதனை வெட்டி உலர்த்தி அடுப்பெரிப்பது அந்நாட்டு வழக்கம். செம்மறி ஆடுகள் ஆங்காங்கே மேயும். நடப்பவர் ஏறிக்கொண்டே இருப்பார். சரிவு சற்றே தணியும். திடீரென நிலம் தீர்ந்துபோகும். காலடிக்கு அப்பால் கடல்தான்.

வடபுறம் முழுவதும் ஓங்கல். அயர்லாந்தில் இதனை விஞ்சிய கடல் ஓங்கல் இல்லை. ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிலவற்றுள் இதுவும் ஒன்று. சுவர்போல் நேராக நிற்பதன்று; செங்குத்தான சரிவாக, இடையிடையே பாறை விலா எலும்புகள் துருத்த, அலைவரை இறங்குவது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போலப் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உச்சி எட்டாது. பனியூழிக் காலத்துப் பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் சுனைகள் தேங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று ஓங்கலின் விளிம்பை ஒட்டியே அமைந்து, கடலுக்கு மேலே தொங்குவது போலத் தோன்றும்.

அயர்லாந்தின் புகழ்பெற்ற மோகர் ஓங்கல்கள் 214 மீட்டரே உயர்ந்தவை. ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றைக் காணச் செல்கின்றனர். அதனைப்போல் மும்மடங்கு உயர்ந்த குரோகானைக் காண்போர் மிகச் சிலர். காரணம் எளிது. இந்த ஓங்கலைச் சாலையிலிருந்து காண முடியாது. படகிலிருந்து காணலாம்; அல்லது மலையேறிச் சென்று மேலிருந்து காணலாம். அன்றும் மேகம் இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. 1950 ஜூனில் வானிலை ஆய்வுக்காகப் பறந்த பிரிட்டிஷ் விமானம் ஒன்று இம்மலையில் மோதி, அதில் இருந்த எண்மரும் இறந்தனர்.

நிலமும் உரிப்பொருளும்

தமிழ் படித்த ஒருவர் இவ்விடத்தை நினைக்கும்போது முதலில் தோன்றுவது திணை பற்றிய ஐயமே. மலை குறிஞ்சி, கடல் நெய்தல். ஒன்றன் முடிவிலேயே மற்றொன்று தொடங்கும் இந்நிலம் எத்திணைக்கு உரியது? தொல்காப்பியர் திணை மயங்குவதை ஏற்றுக்கொள்கிறார். நிலம் மயங்குவதை ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு நிலத்துக்குரிய உணர்வு மற்றொரு நிலத்தில் நிகழலாம். இரு நிலம் ஒருங்கே மயங்கலாகாது என்பது உரையாசிரியர்கள் கொண்ட பொருள். அவ்வாறாயின் குரோகான் இலக்கணத்துக்கு முரணான மலை என்று வியந்து அமைந்துவிடலாம். அந்த வியப்பே ஒரு கவிதைக்குப் போதும் என்று கருதுவோரும் உண்டு.

எனினும் தொல்காப்பியர் கூறுவது புவியியல் அன்று, செய்யுள் நெறி. முதல், கரு, உரி என்னும் மூன்றையும் செய்யுளில் ஒன்றைவிட ஒன்று சிறந்ததாக அவர் வரிசைப்படுத்துகிறார். நிலமும் பொழுதும் முதற்பொருள். மாவும் மரமும் பறையும் தொழிலும் கருப்பொருள். மக்களின் அகவொழுக்கம் உரிப்பொருள். வரிசையில் இறுதியாக நிற்பதே சிறப்பில் முதன்மையானது. எனவே குரோகானை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி, அது குறிஞ்சியா நெய்தலா என்பதன்று. அந்நிலத்தின் உரிப்பொருள் யாது என்பதே.

அதற்கு விடை மலையுச்சியில் கிடைப்பதில்லை. கீழே, மக்கள் வாழ்ந்த இடங்களில் கிடைக்கிறது.

மழை தந்த வறுமை

பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பது தமிழ் மரபு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் விளக்கம். வேனிலும் நண்பகலும் அதற்குரிய பொழுதுகள். காய்ந்த மரம், வற்றிய சுனை, வெந்த பரல், ஆறலை கள்வர் ஆகியவை அதன் காட்சிகள். பிரிவு அதன் உரிப்பொருள்.

மேற்கு அயர்லாந்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் நிலம் அது. கோடை என்றாலும் மேலாடை நனையாமல் ஒரு பகல் கழிவது அரிது. ஆயினும் அந்நிலத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் ஓங்கி நிற்கும் ஒழுக்கம் பிரிவு ஒன்றே.

அப்பிரிவைத் தொடங்கி வைத்ததும் மழையோடு தொடர்புடையதே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் ஏழை உழவர்கள் ஏறத்தாழ முழுமையாக உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தனர். நல்ல நிலமும் அதில் விளைந்த தானியமும் வாடகைக்கே போயின. எஞ்சிய சரிவுநிலத்தில் குடும்பத்துக்கு வேண்டிய உணவைத் தரவல்லது அந்தக் கிழங்கு ஒன்றே. 1845ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பின்கருகல் நோய் அந்நாட்டில் தோன்றியது. குளிர்ந்த ஈரக் காற்றிலும் மழையிலும் பரவும் நுண்ணுயிர் அதற்குக் காரணம். 1846இல் விளைச்சலின் பெரும்பகுதி அழிந்தது. தொடர்ந்த ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்குக் குறையாத எண்ணிக்கையினர் கப்பலேறினர். 1841இல் 81 இலட்சத்துக்கு மேல் இருந்த நாட்டின் மக்கள்தொகை 1851இல் சுமார் 65 இலட்சமாகக் குறைந்தது. அக்காலத்திலும் அந்நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஈரம் நோயைப் பரப்பியது. அதனைப் பஞ்சமாக்கியது நிலவுடைமையும் ஆட்சியும்.

இங்கே ஒரு செய்தி கவிஞர்களின் கருத்துக்குரியது. தமிழ்ச் செய்யுளில் மழை வருகையின் அறிகுறி. கார்காலம் வந்தால் தலைவன் மீள்வான். அக்கில் தீவில் மழை, பிரிவின் அறிகுறி. தண்ணீர் வற்றியதால் உண்டான பாலையை மரபு அறியும். தண்ணீர் நில்லாமல் பெய்ததால் உண்டான பாலை இது.

கடல் கடந்த கூலிகள்

பஞ்சம் தீர்ந்த பின்னும் பிரிவு தீரவில்லை. அக்கில் மக்களின் சிறு நிலங்கள் வாடகைக்கும் உணவுக்கும் போதவில்லை. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இளைஞர்களும் இளம்பெண்களும் சிறுவர்களும் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு அகழும் கூலி வேலைக்குச் சென்றனர். கங்காணி போன்ற மேலாள் ஒருவரின் கீழ் குழுக்களாகப் பண்ணைவிட்டுப் பண்ணை மாறி, தொழுவங்களிலும் கொட்டகைகளிலும் உறங்கி, இலையுதிர் காலம் முடியும்போது ஊர் திரும்பினர். எந்தக் கிழங்கு பொய்த்ததால் வீடு வறுமைப்பட்டதோ, அதே கிழங்கைப் பிறர் நிலத்தில் அகழ்ந்து வீட்டைக் காத்தனர்.

1894 ஜூன் 14 அன்று அவ்வாறு புறப்பட்ட ஒரு கூட்டம் பாய்மரப் படகுகளில் தீவை விட்டுக் கிளம்பியது. வெஸ்ட்போர்ட் துறையருகே கிளாஸ்கோ செல்லும் நீராவிக் கப்பல் நின்றிருந்தது. கப்பல் கண்ணில் பட்டதும் ஒரு படகில் இருந்தவர்கள் அதனைக் காண ஒரே பக்கமாக நெருங்கினர். படகு கவிழ்ந்தது. 32 பேர் நீரில் மூழ்கினர். அவர்களுள் பலர் இளம்பெண்கள். முதன்முதலாகப் பெருங்கப்பல் ஒன்றைப் பார்க்கும் ஆர்வத்தில் இறந்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.

அப்போது வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் நோக்கி இருப்புப்பாதை போடப்பட்டு வந்தது. முறையான போக்குவரத்து இன்னும் தொடங்கவில்லை. இறந்தோரின் உடல்களை ஊர் சேர்க்க அந்தப் பாதையில் தனி ரயில் விடப்பட்டது. அப்பாதையில் தீவை நோக்கி வந்த முதல் ரயில் அதுவே என்பர்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கெர்க்கின்டில்லாக் என்னும் ஊரில் கூலிகள் உறங்கிய கொட்டகை தீப்பற்றி, அக்கில் தீவைச் சேர்ந்த இளைஞரும் சிறுவருமாகப் பதின்மர் இறந்தனர். அவர்களுடைய உடல்களும் ரயிலில் கொண்டுவரப்பட்டன. அம்மாத இறுதியிலேயே அந்த ரயில் பாதை மூடப்பட்டது. இரும்புச் சக்கர வண்டிகள் நெருப்பும் புகையும் கக்கிக்கொண்டு வரும், முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணங்களைச் சுமந்து வரும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரையன் ருவா என்னும் ஞானி சொல்லிவைத்ததாக அப்பகுதி மக்கள் கூறுவர். முன்னரே சொல்லப்பட்டதா, பின்னர் உருவான கதையா என்பது ஆய்வாளர் கவலை. தாங்க முடியாத இழப்பை ஒரு சமூகம் சொல்லாக்கிக்கொண்ட விதம் என்பதே இலக்கிய வட்டத்துக்கு உரிய செய்தி.

மூடப்பட்ட பாதை நெடுங்காலம் புதர் மண்டிக் கிடந்தது. 2010-11ஆம் ஆண்டுகளில் அது வெஸ்ட்போர்ட் முதல் அக்கில் வரை 42 கிலோமீட்டர் நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் திறக்கப்பட்டது. மலை காண வருவோர் பலர் அதன் வழியே மிதிவண்டி ஓட்டி மகிழ்கின்றனர். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. பாதை பாழாகாமல் பயன்படுவது நன்றே. ஆனால் அதன் அழகை மட்டும் பாடும் ஒரு கவிதை, அப்பாதையில் வந்த முதல் சுமையையும் கடைசிச் சுமையையும் அறியாத கவிதையாக இருக்கும்.

கூரையற்ற வீடுகளும் ஒரு பெயரும்

குரோகானுக்குக் கிழக்கே ஸ்லீவ்மோர் மலை உள்ளது. பெருமலை என்பது பெயரின் பொருள். உயரத்தில் குரோகானைவிடச் சற்றுக் குறைந்தது. அதன் தென்சரிவில் எண்பது முதல் நூறு வீடுகளின் கற்சுவர்கள் ஒரே வரிசையாகக் கூரையின்றி நிற்கின்றன. சாந்து வைக்காமல் கல்லை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். பஞ்சத்தால் ஒரே நாளில் காலியான ஊர் என்று கதை சொல்வது எளிது. உண்மை அத்துணை எளிதன்று. பசி, நிலவெளியேற்றம், கடலோரத்தில் மீன்பிடித்து வாழலாம் என்ற எண்ணம் எனப் பல காரணங்களால் மக்கள் படிப்படியாக அவ்வூரைவிட்டு இறங்கினர். அதன்பின்னும் கோடை மாதங்களில் கீழூர்ப் பெண்களும் சிறுவரும் மாடுகளை ஓட்டிச் சென்று அவ்வீடுகளில் தங்கி மேய்த்தனர். பூலி எனப்படும் அந்தக் கோடைக்குடி வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை அங்கு நீடித்தது. முல்லைத்திணையின் ஆயர் வாழ்வு, கடலோரத்து மலைச்சரிவில் நிகழ்ந்தது எனலாம்.

கீம் விரிகுடாவுக்கும் அவ்வாறே ஒரு மறைந்த வாழ்வு உண்டு. வாய் திறந்தபடி கடலின் மேற்பரப்பில் நீந்தி நுண்ணுயிர்களை வடித்து உண்ணும் பெருஞ்சுறா அங்கு வரும். மீனினத்தில் இரண்டாவது பெரியது. மனிதருக்குத் தீங்கு செய்யாதது. 1947 முதல் 1975 வரை அதன் ஈரல் எண்ணெய்க்காக 12,000க்கும் மேற்பட்ட சுறாக்கள் கொல்லப்பட்டன. கித்தான் போர்த்தித் தார் பூசிய கரக் என்னும் மெல்லிய படகில் சென்று, வலையில் சிக்கிய அந்தப் பெருமீனை ஈட்டியால் குத்தியவர்கள் அத்தீவின் ஏழைகள். ஊரைவிட்டுப் போகாமல் ஊரிலேயே கூலி பெற அவர்களுக்குக் கிடைத்த அரிய வழிகளுள் அது ஒன்று. சுறா அருகியது; தொழிலும் நின்றது. 2022இல் அச்சுறா அயர்லாந்தில் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. சுறாவுக்காக இரங்கும் கவிதையும், படகோட்டிக்காக இரங்கும் கவிதையும் அங்கே ஒரே நெய்தலில் எதிரெதிராக நிற்கக் கூடியவை. இரண்டில் ஒன்றை மறந்தால் மற்றது பொய்யாகிவிடும்.

குரோகானின் அடிவாரத்தில் கோரிமோர் என்னும் மாளிகை உள்ளது. அதனைக் கட்டி வாழ்ந்தவர் சார்லஸ் பாய்காட் என்னும் ஆங்கிலேயர். 1870களில் அவர் தீவை விட்டுப் பெருநிலத்துக்குச் சென்று பெருநிலக்கிழார் ஒருவரின் முகவரானார். 1880இல் அவர் குடியானவர்களை வெளியேற்ற முனைந்தபோது, மக்கள் அவரோடு பேச்சு, கொடுக்கல் வாங்கல், வேலை அனைத்தையும் நிறுத்தினர். அவர் பெயரே அச்செயலுக்குப் பெயராயிற்று. கால் நூற்றாண்டு கழித்து, 1905ஆம் ஆண்டுச் சுதேசி இயக்கத்தில் அந்நியத் துணியைப் புறக்கணித்த இந்தியர்களும் அச்சொல்லையே எடுத்தாண்டனர். ஒரு மலையடிவாரத்து வீட்டுக்காரரின் பெயர் உலகச் சொல்லாயிற்று. அவரோடு பேச மறுத்தவர்களின் பெயர்கள் எவருக்கும் தெரியாது.

ஓவியத்திலிருந்து மறைந்த மக்கள்

அக்கில் தீவைக் கலைஞர் பலர் நாடி வந்துள்ளனர். பெல்பாஸ்ட் நகரில் பிறந்த ஓவியர் பால் ஹென்றி 1910இல் வந்து, 1919 வரை அங்கு வாழ்ந்தார். தொடக்கத்தில் அவர் வரைந்தவை மக்களின் உழைப்பு. கரக் படகைக் கடலில் தள்ளும் ஆடவர். குனிந்து கிழங்கு அகழும் பெண்டிர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய ஓவியங்களிலிருந்து மக்கள் மறைந்தனர். நீல மலை, திரண்ட மேகம், ஏரி, ஓலை வேய்ந்த வெண்குடில் ஆகியவையே எஞ்சின. 1920களில் ரயில் நிறுவனம் அவருடைய அத்தகைய ஓவியத்தைச் சுற்றுலா விளம்பரத் தாளாக அச்சிட்டது. மேற்கு அயர்லாந்து என்றதும் உலகின் மனத்தில் எழும் காட்சியை உருவாக்கியவை அவ்வோவியங்கள் என்பது மிகையன்று.

அதே கோரிமோர் மாளிகையை 1924இல் வாங்கிய அமெரிக்க ஓவியர் ராபர்ட் ஹென்ரி வேறுவழி சென்றார். அவர் மலையை விட்டு, டூவா ஊரின் சிறுவர் சிறுமியரின் முகங்களையே கோடைதோறும் தீட்டினார்.

ஜெர்மானிய எழுத்தாளர் ஹைன்ரிக் பொல் 1950களில் இத்தீவுக்கு வந்தார். 1957இல் வெளியான அவருடைய அயர்லாந்து நாட்குறிப்பு, ஸ்லீவ்மோரின் பாழூரையும் கப்பலேறிச் செல்வோரையும் ஒருங்கே காட்டும் நூல். போரால் தன் நாட்டின் நகரங்கள் இடிந்து கிடந்ததைக் கண்டவர் அவர். குண்டு விழாமலே, எவரும் இடிக்காமலே சிதைந்த ஓர் ஊரைப் பார்த்தபோது அவர் நெஞ்சில் பட்டது வேறொரு வகை அழிவு. அவர் அங்கு வாங்கிய வீடு 1992 முதல் எழுத்தாளர்களும் ஓவியர்களும் தங்கிப் பணிபுரியும் இல்லமாக விளங்குகிறது.

யார் கூற்று?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். ஒவ்வோர் இயற்கைக் கவிதையிலும் வரலாற்றையும் வறுமையையும் ஏற்றிவைத்தால் கவிதை பாடநூலாகிவிடாதா? மலையை மலையாகப் பார்க்கும் உரிமை கவிஞனுக்கு இல்லையா? மனிதர் தோன்றுமுன்பே அந்த ஓங்கல் அங்கே இருந்ததே?

மறுப்பு நியாயமானது. அதற்குரிய விடையைச் செய்யுளியலிலேயே காணலாம். தொல்காப்பியர் எண்ணும் முப்பத்து நான்கு செய்யுள் உறுப்புகளுள் திணை ஒன்று. அதனை அடுத்துச் சிறிது தொலைவிலேயே கூற்று, கேட்போர் என்பவை வருகின்றன. அகப்பாட்டில் நிலம் தானாக வருவதில்லை. தோழி சொல்கிறாள், தலைவி சொல்கிறாள், செவிலி சொல்கிறாள், சுரத்திடைச் செல்லும் தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். சொல்பவர் மாறினால் அதே மலை வேறு மலையாகிவிடும். தலைவனின் நாட்டு மலையைத் தலைவி சொல்வதும், அவளைக் காவல்செய்யும் தாய் சொல்வதும் ஒன்றல்ல. அப்பாட்டுகளில் வரலாறு இல்லை, புள்ளிவிவரம் இல்லை. ஆயினும் நிலத்தைச் சொல்லும் குரலுக்கு உரியவர் யார் என்பது ஐயமின்றித் தெரியும்.

குரோகானுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். மலையேறி வந்தவரின் கூற்றில் ஓங்கல் ஓர் உச்சம், மூச்சடைக்கும் காட்சி. விளிம்பருகே ஆடு தேடிச் செல்லும் மேய்ப்பரின் கூற்றில் அது ஒவ்வோர் ஆண்டும் சில ஆடுகளை விழுங்கும் வாய். ஜூன் மாதத்துப் படகில் அமர்ந்து திரும்பிப் பார்க்கும் பதினாறு வயதுப் பெண்ணின் கூற்றில் அத்தீவின் மலை, கண்ணிலிருந்து கடைசியாக மறையும் வீடு. மூவருக்கும் மலை ஒன்றே. உரிப்பொருள் வேறு வேறு. கவிஞர் இம்மூவருள் எவராகவும் நின்று பாடலாம். வந்தவராக நின்று பாடுவதும் இழுக்கன்று. ஆனால் வந்தவராக நின்றுகொண்டு, அந்தப் பார்வையே மலையின் பார்வை என்று சாதிப்பதுதான் குறை. குரலுக்கு உரியவர் மறைந்துவிட்ட கவிதையில் எஞ்சுவது விளம்பரத் தாளின் அழகு.

பால் ஹென்றியின் பிற்கால ஓவியங்களையும் அந்நெறியிலேயே மதிப்பிட வேண்டும். அவற்றில் மக்கள் இல்லை என்பதே குற்றமாகாது. அந்நிலத்தில் உண்மையிலேயே மக்கள் குறைந்துகொண்டிருந்தனர். ஆளற்ற குடிலை வரைவது பிரிவை வரைவதாகவும் இருக்கலாம். சுவரில் மாட்டிய ஓவியத்தில் அந்த வெறுமை இரங்கத்தக்கதாகத் தோன்றலாம். அதே ஓவியம் ரயில் நிலையத்தில் விளம்பரமாக ஒட்டப்பட்டபோது, வெறுமை ஓர் அழைப்பாக மாறிவிட்டது: வருக, இங்கே இடைஞ்சல் செய்ய எவரும் இல்லை என்று. ஓவியம் மாறவில்லை, கேட்போர் மாறினர். எவரிடம் சொல்கிறோம் என்பதும் கவிதையின் உறுப்பே என்று இலக்கணம் வகுத்தவர் கூறியதன் ஆழம் இங்கே விளங்கும்.

இந்த வட்டத்தின் கவிஞர்கள் கோடைவிடுமுறையில் ஒரு மலையூருக்கோ கடற்கரைக்கோ சென்று திரும்பிப் பாடும்போதும் இக்கேள்வி பொருந்தும். அமைதியான இடம் என்று எழுதுமுன், அந்த அமைதி எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்கலாம். பழங்கோயில் வாசலில் எவரும் இல்லை என்று எழுதுமுன், இருந்தவர் எங்கே போயினர் என்று கேட்கலாம். விடையைக் கவிதையில் எழுத வேண்டியதில்லை. விடை தெரிந்தவர் எழுதும் ஒரு சொல்லுக்கும், தெரியாதவர் எழுதும் அதே சொல்லுக்கும் எடை ஒன்றாக இருப்பதில்லை. நல்ல வாசகர் அந்த வேறுபாட்டை உணர்வர்.

ஸ்லீவ்மோர்ச் சரிவில் பாழ்வீடுகளைச் சுற்றி இன்றும் ஒன்றைக் காணலாம். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில், பச்சைப் புல்லின்மீது இணையிணையான நிழற்கோடுகள் தோன்றும். பிற நேரங்களில் அவை கண்ணுக்கு எளிதில் புலப்படா. சரிவு முழுவதும் ஒரே பசுமையாகத் தெரியும். அவை உருளைக்கிழங்கு நடுவதற்காக மண்வெட்டியால் அணைத்த பாத்திகள். கடைசியாக அவற்றில் நட்டவர் போய் நெடுங்காலம் ஆகியும் பாத்தியின் வடிவத்தை மண் விடவில்லை. உச்சிவெயிலில் பார்ப்பவர் புல்வெளியைப் பாடுவார். சற்றுக் காத்திருந்து பார்ப்பவர் பாத்தியைப் பாடுவார். இந்த வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக் கவிதைகளில் காத்திருந்து பார்த்தவை மிகுதியாக அமையட்டும்.